சூடு ஆறக் கூடாத பெட்டி

முனீப் என்பது அவனுடைய உண்மையான பெயரல்ல. அவன் மனைவியின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இதிலுள்ள ஒரு விஷயம் அந்த மனைவிக்குத் தெரிய வரக் கூடாது. அவள் இதையெல்லாம் வாசிக்கிற ஆளில்லை. ஆனால் வாசித்துப்போட்டு ஓடிப்போய்ச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆளுக்கா பஞ்சம்? ஊரையும் தெருவையும் மாற்ற மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

நான் யேசுரட்ணம். திருகோணமலை லிங்கநகரில் வாடகை வான் ஓட்டுகிறேன். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். அதை மறுக்கவும் மாட்டேன். எங்களுக்குப் பக்கத்து வீடு கனகாலம் பூட்டிக் கிடந்தது. அதை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர் வாடகைக்கு எடுத்தார்கள். குசினிக்குப் பின்னாலிருந்த அறையின் நிலத்தை உடைத்து, கீழே கிடந்த கற்பாறையோடு சேர்த்து, இடுப்பளவுக்கு ஒரு சீமெந்துத் தூண் கட்டினார்கள். சவக்காலையில் கட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று என் மனைவி மரியமலர் பயந்தாள். பிறகு அந்தத் தூணின்மேல் வைக்க ஒரு பெட்டி வந்தது. பெட்டியைக் காக்க முனீப் வந்தான். அவனோடு மனைவி ஷிஃபானாவும் மகள் பஸ்மியாவும் வந்தார்கள்.

முனீப் கிண்ணியாக்காரன். மெலிந்த ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டாரில் ஒரு எரிவாயு ஆலையில் அமுக்கமானிகளை அளவு திருத்துகிற வேலை பார்த்தவன். ஒரு மானி காட்டுவது சரிதானா என்று, நம்பக்கூடிய இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு பிசகு என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. சந்தைத் தராசைப் பரிசோதித்து முத்திரை குத்துகிறார்களே, அப்படி. மகள் பிறந்தபோது அவன் அங்கே இருந்தான். அவள் நடை பழகியபோதும் அங்கேதான். ஒரு முறை விடுமுறையில் வந்து வாசலில் நின்றவனைக் கண்டதும், பிள்ளை உள்ளே ஓடிப்போய் உம்மாவின் போனைத் தூக்கி, அதிலிருந்த அவனுடைய படத்தைப் பார்த்து, “வாப்பா, வீட்டுக்கு ஆரோ ஒரு ஆள் வந்து நிக்கிறார்” என்று சொன்னதாம். இதை என்னிடம் சொல்லும்போது முனீப் சிரிக்கத்தான் பார்த்தான். வரவில்லை.

“அண்டைக்கு முடிவெடுத்தனான் யேசண்ணன், இனித் திரும்பிப் போறதில்ல எண்டு” என்றான்.

முடிவெடுப்பது லேசு. இங்கே அவனுடைய தொழிலுக்கு யார் வேலை தருவார்கள்? ஓட்டோ ஓட்டினான். படகு எஞ்சின் திருத்தினான். மாமனாரின் கடையில் அரிசி மூட்டை அடுக்கினான். ஷிஃபானாவின் சொந்தக்காரர்கள் அவனை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில்தான் இந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

பெட்டி என்றால், பூமி நம்மை இழுக்கிற இழுவையை அளக்கிற கருவி. உள்ளே மெல்லிய சுருள்வில் ஒன்றில் சின்ன எடை ஒன்று தொங்குகிறது. இழுவை கூடினால் எடை தாழும், குறைந்தால் உயரும். தாழ்வதும் உயர்வதும் கண்ணுக்குத் தெரிகிற கணக்கில் இல்லை. அந்த வில் எந்த நேரமும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். நம் உடம்புச் சூட்டைவிடக் கூடிய சூடு. அதனால் பெட்டிக்கு இரவு பகல் ஓயாமல் கரண்ட் வேண்டும். “பிள்ளை, உங்கட வீட்டுப் பெட்டிக்குக் காய்ச்சல் மாறவே மாறாதா?” என்று மரியமலர் மதிலுக்கு மேலால் ஷிஃபானாவைச் சீண்டுவாள். “மாறினா எங்கட வாழ்க்கை போச்சு அக்கா” என்பாள் அவள்.

எனக்கு இதெல்லாம் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. கடல் ஏறி இறங்குவது போல, நாம் நிற்கிற தரையும் சந்திரன் இழுக்கிற இழுவைக்கு நாளுக்கு இரண்டு தரம் ஒரு சாணளவு ஏறி இறங்குகிறது என்று முனீப் சொன்னபோது, காலையிலேயே கிறுக்கா என்று கேட்டேன். அவன் கோபிக்கவில்லை. பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரையைக் காட்டினான். ஒரு கோடு மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. “இந்த நேரம் இந்த இடத்தில சந்திரனும் சூரியனும் எவ்வளவு இழுக்கும் எண்டு கணக்கு இருக்கு. அது பிழை விடாது. பெட்டி எவ்வளவு காட்டுது எண்டு பாக்கிறம். ரெண்டையும் வச்சுப் பாத்தா பெட்டி சொல்லுற பொய்யின்ர அளவு தெரிஞ்சிரும்” என்றான். சந்திரனைப் படிக்கல்லாக வைத்துத் தராசைச் சோதிக்கிறார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டுக்கு முன்னாலுள்ள சின்ன ஒழுங்கையில், தூண் அதிராமல், வானை ஊரவிட்டுத்தான் ஓட்டுவேன்.

நம் தீவுக்குத் தெற்கே கடலில் பூமியின் இழுவையில் ஏதோ பெரிய குறை இருக்கிறதாம். அதை அளக்கக் கப்பல்கள் போகின்றன. போகும்போதும் வரும்போதும் எங்கள் துறைமுகத்தில் நின்று தங்கள் கருவியைச் சரிபார்க்க ஒரு நம்பிக்கையான அளவு வேண்டும். லிங்கநகர்த் தூண் அந்த அளவைக் கொடுக்கலாம், ஆனால் முதலில் தூணின் மேலிருக்கிற பெட்டியை நம்ப வேண்டும். அதற்கு ஆறு மாதம் அந்தக் கோடு எங்கேயும் முறியக் கூடாது. முறியாமல் கொடுத்தால் நிலையம் இங்கேயே நிரந்தரம், முனீபுக்கு வேலையும் நிரந்தரம். முறிந்தால் பெட்டி வேறொரு நாட்டுக்குப் போகும். முனீப் கட்டாருக்குப் போவான். அவ்வளவுதான் விஷயம்.

முதல் முயற்சி பற்றறியால் முறிந்தது. கரண்ட் போன நேரம் தாங்க வேண்டிய பற்றறி தாங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து இந்த வேலையை நடத்திய பேராசிரியர் நல்ல மனுசன்தான், இன்னொரு தரம் தருகிறேன், இதுதான் கடைசி என்றார். முனீப் புதுப் பற்றறிகள் எடுத்தான். மின்னல் பாய்ந்தாலும் பெட்டிக்குப் போகாமல் நிலத்துக்குள் இறங்கிவிட, கிணற்றடியில் செப்புக் கம்பி புதைத்தான். சுவரில் அதற்கென்று ஒரு கருவி பூட்டினான். அதையெல்லாம் எனக்குக் காட்டினான், கப்பல்காரருக்கும் காட்டினான். ஷிஃபானாவுக்கு மட்டும் காட்டவில்லை. அவளுக்கும் பிள்ளைக்கும் அவன் சொன்னது வேறு. பஸ்மியா துடியான பிள்ளை. ஓடிப்போய்ப் பெட்டியில் கை வைத்துவிடுவாள் என்ற பயத்தில், “இது எரிஞ்சா வாப்பா திரும்பக் கட்டாருக்குப் போகவேண்டியதுதான்” என்று இருவருக்கும் சொல்லிச் சொல்லி வைத்திருந்தான். பிள்ளை அந்த அறை வாசலைத் தாண்டவே மாட்டாள். வைகாசியில் தொடங்கிய கோடு ஐப்பசி பிறக்கும்வரை ஒரு இடத்தில்கூட முறியவில்லை.

ஒக்டோபரில் எங்கள் பக்கம் மத்தியானம் கடந்தால் இடிதான். முதல் இடி முழங்கியதும் தெருவில் எல்லா வீட்டிலும் பிளக்கைக் கழற்றுவோம். ரீவி, பிரிட்ஜ், இன்டர்நெட் பெட்டி, எல்லாவற்றையும். போனையும் அணைத்துவிடுவோம். படித்தவர் படியாதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்தான் எல்லாருக்கும் முதல் ஓடிக் கழற்றுவார். அந்த மாதம் ஒரு நாள் மரியமலர் பூசைக்குப் போன இடத்தில் கழற்ற மறந்து எங்கள் வீட்டு ரீவி எரிந்துபோனது. மணம் கேட்டு ஓடி வந்தவர்களில் ஷிஃபானாவும் ஒருத்தி. கருகிப்போன அதன் பின்பக்கத்தை அவள் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு அடுத்த கிழமை துறைமுகத்துக்கு ஒரு ஆய்வுக் கப்பல் வந்தது. தூணின் அளவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்னக் கருவி ஒன்றும் முனீபிடம் இருந்தது. வீட்டுத் தூணில் வைத்து வாசித்துவிட்டு, அதை மடியில் தலையணை வைத்துத் தாங்கியபடி என் வானில் ஏறினான். வழியில் குலுங்கினால் வாசிப்புப் பிழையாகிவிடும் என்று, நான் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டு போகிற மாதிரி ஓட்டினேன். இறங்குதுறைக் கல்லில் பதித்திருந்த பித்தளைக் குமிழில் வைத்து வாசித்து முடிக்கையில் வானம் இருண்டது. இடி ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. மழையில் கருவியை வெளியே எடுக்க ஏலாது என்பதால் பொருட்கள் அடுக்கும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம்.

முனீப் வீட்டுக்குப் போன் எடுத்துப் பார்த்தான். ஷிஃபானாவின் போன் அணைத்திருந்தது. இடி நேரம் என்பதால் நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

“கரண்ட் போயிருந்தா?” என்று நான்தான் கேட்டேன்.

“போகட்டும் யேசண்ணன். பற்றறி நாளைக்கு வரைக்கும் தாங்கும். இந்த முறை எதுக்கும் பயமில்ல.”

அந்தக் கொட்டகையில் இருந்தபோது அவன் பேசின பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அவன் அவ்வளவு பேசுகிற ஆளே இல்லை. பஸ்மியாவைத் தை மாதம் லிங்கநகரிலேயே முதலாம் ஆண்டில் சேர்க்கப் போவதாகச் சொன்னான். காலையில் தானே கொண்டுபோய் விடுவானாம், மத்தியானம் தானே கூட்டி வருவானாம். “மத்தப் பிள்ளையளின்ர வாப்பாமார் வாற மாதிரி வாசல்ல போய் நிக்கோணும்” என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து, அடப்பாவி, ஒரு பள்ளிக்கூட வாசலில் நிற்பதற்கா இவ்வளவு ஆசை என்று எனக்குத் தோன்றியது.

மழை விட்டதும் திரும்பினோம். வாசலில் ஷிஃபானா பிளேன்ரீக் கோப்பைகளோடு நின்றாள். முனீப் சின்னக் கருவியோடு நேரே பின்னறைக்குப் போனான். அதை நிறுத்தி வைக்கிற முக்காலியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். எனக்கு அந்தக் கோட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனாலும் விளங்கியது. ஐந்து மாதத்துக்கு மேலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு மத்தியானத்தோடு அறுந்து, பிறகு ஒன்றுமே இல்லாமல், அதற்குப் பிறகு எங்கேயோ மேலே தொடங்கிச் செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தது. முனீப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

“கரண்ட் போனதா?” என்று கேட்டான். குரலில் ஒன்றுமே இல்லை.

“இல்ல, கரண்ட் இருந்தது” என்றாள் எங்கள் பின்னால் பிள்ளையோடு அறை வாசலுக்கு வந்த ஷிஃபானா. அவள் முகம் மலர்ந்திருந்தது. “நான்தான் கழட்டினனான். இடி வீட்டுக்கு மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. எல்லாத்துக்கும் முதல் ஓடி வந்து இதைத்தான் கழட்டினன். கழட்டினதும் கீழ இருக்கிற பற்றறி கீச்சிட்டுக் கத்தத் தொடங்கிச்சு. அதுக்கும் ஏதும் ஆகப் போகுதாக்கும் எண்டு அதையும் அணைச்சுப் போட்டன். பெட்டியத் தொடேல்ல, நீங்க தொடவேணாம் எண்டு சொன்னீங்கதானே. இடி முழுக்க நிண்ட பிறகுதான் திரும்பக் குடுத்தனான். அதுவரைக்கும் நானும் பஸ்மியாவும் இந்த வாசலிலேயே இருந்தம்.”

“உம்மா ஓதிக்கொண்டே இருந்தவ வாப்பா” என்றது பிள்ளை.

நான் வாயைத் திறந்தேன். முனீப் என் கையைப் பிடித்தான். வலிக்கிற மாதிரிப் பிடித்தான்.

“நல்ல வேலை செஞ்சீங்க” என்றான் அவளிடம். “தேத்தண்ணியக் கொண்டு வாங்க, ஆறப் போகுது.”

அவன் பேராசிரியரோடு பேசியது என் வானுக்குள் இருந்துதான். வீட்டில் என்றால் அவளுக்குக் கேட்கும். பற்றறிதான் பிழை, நான் பார்த்திருக்க வேண்டும், என் கவலையீனம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து, போன தரமும் பற்றறிதானே, உன்னை நம்பித்தானே இரண்டாம் தரம் தந்தோம் என்கிற மாதிரி ஒரு பேச்சுக் கேட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முனீப் தலையாட்டிக்கொண்டே கேட்டான், அவர் பார்க்கிறார் என்ற நினைப்பில்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“உனக்கென்ன விசரா? ஏன் பழிய உன்ர தலையில போட்டாய்? நடந்ததச் சொல்லு. அவையும் மனுசர்தானே, விளங்கிக்கொள்ளுவினம்.”

“விளங்கும் யேசண்ணன். விளங்கி என்ன செய்யிற? ஆறின வில்லத் திரும்பச் சூடாக்கலாம். அது முந்தின வில்லு இல்ல. முந்தி எழுதினதையும் இனி எழுதப் போறதையும் ஒட்ட ஏலாது. இன்னொரு ஆறு மாசத்துக்கு அவங்க நிக்கமாட்டாங்க.”

“அப்ப அவவுக்காவது சொல்லு. இப்பிடி ஒண்டு நடந்தது எண்டு தெரியத்தானே வேணும்.”

முனீப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

“எரியும் எரியும் எண்டு பயம் காட்டினது நான். கம்பி தாட்டிருக்கு, பயப்படாதீங்க எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்ல. அவ என்னைப் போக விடாம வச்சிருக்கத்தான் கழட்டினா. என்னை அனுப்பினது தன்ர கைதான் எண்டு தெரிஞ்சா, அந்தக் கைய வச்சுக்கொண்டு அவ எப்பிடி இருக்கிற?”

வீட்டுக்குப் போய் மரியமலரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவளிடம் காரணமில்லாமல் கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. குசினிக்குள் போய் இருந்துகொண்டு அழுதாள்.

அவன் கடைசிவரை விடவில்லை. சூடு நிலைக்கு வந்த பிறகு கோடு மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது. அதை எடுத்து முந்தியதோடு ஒப்பிட்டு, இரண்டையும் பொருத்த முடியுமா என்று நாள்கணக்காகக் கணினியின் முன்னால் கிடந்தான். தாடி வளர்ந்தது. சாப்பாடு வாசலில் ஆறிக் கிடந்தது. பொருந்தவில்லை. சந்திரன் அதே சந்திரன்தான், அதே இழுவைதான். ஆனால் பெட்டி சொல்லுகிற பொய்யின் அளவு மாறிவிட்டது என்றான். கார்த்திகையில் முடிவு வந்தது. பற்றறி பழுதானதால்தான் வேலை போனது என்று ஷிஃபானாவுக்கும் சொல்லி வைத்தான். ஆட்கள் வந்து பெட்டியை அதற்கென்றே செய்த பற்றறிப் பெட்டகத்துக்குள் வைத்து, சூடு குறையாமல், பவுத்திரமாகக் கொண்டு போனார்கள். அவர்கள் அதைத் தூக்கிய பக்குவத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

முனீப் பழைய கம்பனிக்கு எழுதினான். அவர்கள் உடனே கூப்பிட்டார்கள். கெட்டிக்காரன் அல்லவா, ஏன் கூப்பிட மாட்டார்கள்? ஷிஃபானாவும் பிள்ளையும் கிண்ணியாவுக்கு, அவளுடைய தகப்பன் வீட்டுக்குத் திரும்பினார்கள். தை மாதம் பஸ்மியாவை அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் அவன் புறப்பட வேண்டி வந்தது. ஒரு கிழமை தள்ளித் தரும்படி கேட்டுப் பார்த்தானாம். கம்பனி மறுத்துவிட்டது.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட வேறு வான் பிடிக்க வேண்டாம் என்று நானே போனேன். காலை நேரம். மாமனார் வீட்டு முற்றத்தில் சொந்தக்காரர் எல்லாரும் நின்றார்கள். இப்போது அவர்கள் முனீபைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. பயணப் பெட்டிகளை ஏற்றினேன். பஸ்மியா தகப்பனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரோ பிரித்து எடுத்தார்கள். பிள்ளை கத்தவில்லை. கையை விட்டபிறகு அவனைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டது. அதுதான் அவனை முறித்தது என்று நினைக்கிறேன். வானில் ஏறியவன் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தான்.

ஷிஃபானா கதவடிக்கு வந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. ஆனால் அவளுக்குக் கோபமும் இருந்தது.

“நன்றி இல்லாத ஆக்கள்” என்றாள் என்னைப் பார்த்து. “ஒரு பற்றறிக்காக மனுசன வேலையால நிப்பாட்டினாங்க அண்ணன். அண்டைக்கு அந்த இடியில நான் கழட்டாம விட்டிருந்தா அவங்கட பெட்டி உங்கட ரீவி மாதிரிக் கருகியிருக்கும்.” பிறகு அவன் பக்கம் திரும்பினாள். “அதையாவது அவங்களுக்குச் சொன்னீங்களா?”

“ஓம், சொன்னனான்” என்றான் முனீப்.

“என்ன சொன்னாங்க?”

“உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாங்க.”

அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது போதும்” என்றாள்.

நான் வானை எடுத்தேன். கந்தளாய் வரும்வரை அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, சத்தம் எனக்குக் கேட்டுவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். நான் ரேடியோவைச் சத்தமாகப் போட்டேன்.